பதக்கம் பதிவேட்டில் ஏறாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

1971 டிசம்பரில், பாகிஸ்தானுடன் நடந்த போரில், நீங்கள் மேற்கு முனையில் இருந்தீர்கள். பசந்தர் ஆற்றுச் சண்டையில் இறங்கிய 16 மெட்ராஸ் பட்டாளத்தில் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் போரில் மேற்கே களத்தில் நின்றவருக்குப் பஷ்சிமி ஸ்டார், கிழக்கே நின்றவருக்குப் பூர்வி ஸ்டார். களத்தைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கும் சேர்த்துப் பொதுவாகச் சங்க்ராம் மெடல். இப்போது உங்கள் டிஸ்சார்ஜ் புக்கைப் பிரித்துப் பாருங்கள். சங்க்ராம் மெடல் இருக்கிறது. ஸ்டாரைக் காணோம். நீங்கள் ஆற்றில் இறங்கிய ராத்திரி எங்கோ ஒரு டிப்போவில் உருளைக்கிழங்கு மூட்டை எண்ணிக்கொண்டிருந்தீர்கள் என்று சர்க்கார் கணக்கு சொல்கிறது.

கவலையை விடுங்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலாக அந்தக் காலி இடத்தைக் கட்டிக் காத்திருக்கிறீர்கள். இன்னும் கொஞ்சம் மெனக்கெட்டால் ஆயுசுக்கும் காத்துவிடலாம். கொடைக்கானல் மலைக்கிராமமான அடுக்கத்தில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வழிமுறைகள் இதோ.

1. வாசிக்காதீர்கள்.

இதை முதல் நாளே சரியாகச் செய்துவிட்டீர்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் கிளார்க் இந்தியில் கடகடவென்று ஏதோ படித்தார். “டீக் ஹை?” என்றார். “டீக் ஹை சாப்!” என்றீர்கள். அவர் விரல் வைத்த இடமெல்லாம் கையெழுத்துப் போட்டீர்கள். மனசு அதற்குள் கொடைரோடு ஸ்டேஷனில் இறங்கிவிட்டிருந்தது. பாராட்டுகள். அஸ்திவாரம் பலமாக விழுந்திருக்கிறது.

2. புத்தகத்தைப் பெட்டிக்கு அடியில் வையுங்கள்.

வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர், ரேங்க், பேர் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டிதான் உத்தமம். அடியில் புத்தகம், அதன்மேல் கம்பளிக் கோட்டு, பெட்டிக்கு மேல் மிளகு மூட்டை. ஐப்பசி, கார்த்திகை மழையும் மலைமூட்டமும் பாக்கியைப் பார்த்துக்கொள்ளும். ராமபாணப் பூச்சிக்குக் கடைசிப் பக்கங்களில் தனி ருசி உண்டு. பதக்க விவரம் எந்தப் பக்கம் என்று நான் சொல்லவா வேண்டும்?

3. மெடலைத் தேயுங்கள்.

இருக்கிற மெடலின் விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பொடி எழுத்தில் உங்கள் நம்பரும் பேரும் பொறித்திருக்கும். இது உங்களுடையதுதான் என்று சொல்ல இருக்கும் ஊமைச் சாட்சி. ஆகஸ்ட் 15-க்கு ஒரு தடவை, ஜனவரி 26-க்கு ஒரு தடவை பிராசோ போட்டு அழுத்தித் தேய்த்தால், பேரன் கல்யாணத்துக்குள் சாட்சி பல்டி அடித்துவிடும்.

வராத ஸ்டாருக்காக ஏங்குகிறீர்களா? கன்டோன்மென்ட் பஜாரில் கடை இருக்கிறது. ரிப்பனோடு சேர்த்து வாங்கிக் குத்திக்கொள்ளுங்கள். விளிம்பு மொட்டையாக இருக்கும். பள்ளிக்கூடக் கொடியேற்றத்தில் யார் விளிம்பைப் பார்க்கப் போகிறார்கள்? மார்பில் தொங்கிய பிறகு மனுப் போடும் அரிப்பு தானாக அடங்கிவிடும். அனுபவத்தில் கண்டது.

4. பேரை ஒருபோதும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளாதீர்கள்.

நம் ஆட்களுக்குப் பிறவியிலேயே வாய்த்த வசதி இது. நீங்கள் வீ. கருப்பையா. சேர்ந்த அன்றே வடக்கத்திக் கிளார்க் “வீ” என்றால் என்ன என்று கேட்டு, அப்பா பேரை விரித்து முன்னால் போட்டார். டிஸ்சார்ஜ் புக்கில் வீரணன் கருப்பையா. பான் கார்டில் அப்பா பேர் குடும்பப் பேராகிக் கருப்பையா வீரணன். ஆதாரில் வெறும் கருப்பையா. பாங்க் பாஸ்புக்கில் ஒரு “ப்” குறைவு. இப்போது பென்ஷன் எல்லாம் ஸ்பர்ஷ் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. ஒரே ஆளுக்கு நாலு பேர் இருந்தால் அதற்குத் தலை சுற்றும். சுற்றட்டும். எண் கணிதம் பார்த்து ஆங்கிலத்தில் இன்னொரு “ஏ”யைச் சேர்த்து ஐந்தாக்குங்கள்.

பேர் விஷயத்தில் மேலிடமே வழிகாட்டியிருக்கிறது. 1999 கார்கில் போரில் டைகர் ஹில்லில் சண்டையிட்ட யோகேந்திர சிங் யாதவுக்கு, இறந்தபின் வழங்குவதாகப் பரம்வீர் சக்ரா அறிவித்தார்கள். அவரோ குண்டடிகளோடு ஆஸ்பத்திரியில் உயிரோடு படுத்திருந்தார். உயிர் விட்டவர் அதே பேர் கொண்ட இன்னொருவர். நாட்டின் உச்ச வீரப் பதக்கத்திலேயே இது நடக்குமென்றால் வீ. கருப்பையாவின் ஸ்டார் எந்த மூலை?

5. தப்பான ஆபீஸுக்குப் போங்கள்.

அடுக்கத்துக்காரருக்கு இதில் யாரும் போட்டியில்லை. உங்கள் பணிப் பதிவான ஷீட் ரோலில் மதுரை மாவட்டம் என்று இருக்கும். நீங்கள் சேர்ந்தபோது அதுதான் மாவட்டம். 1985-இல் திண்டுக்கல் தனியாகப் பிரிந்தபோது அடுக்கம் அந்தப் பக்கம் போனது. பக்கத்து டவுன் எது? கும்பக்கரை வழியாக இறங்கினால் பெரியகுளம். அது தேனி மாவட்டம். ஆகவே முதலில் தேனிக்குப் போய் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வரிசையில் நில்லுங்கள். மத்தியானம் உங்கள் முறை வரும்போது, “ஐயா, நீங்க திண்டுக்கல்லுல்ல?” என்பார்கள். திரும்பி வந்து, இன்னொரு நாள் பெருமாள்மலைக்கு ஏறி, வத்தலக்குண்டுக்கு இறங்கி, திண்டுக்கல் போங்கள். அங்கே, “புக்ல மதுரைனு இருக்கே” என்பார்கள். மறுக்காதீர்கள். அவர்களும் புத்தகத்தைத்தான் நம்புகிறார்கள்.

6. கடிதம்.

மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீஸ் நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. மலைக்கு மலை, தபால் சுலபமாகப் போய்ச் சேர்ந்துவிடும் ஆபத்து உண்டு. ஆகவே வேறு எங்காவது எழுதுங்கள். சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கி என்றால் நாசிக் ரோடு, சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், இ.எம்.இ. என்றால் செகந்திராபாத், தேர்வுக்குப் பஞ்சமில்லை. ஒன்றும் பிடிக்கவில்லையா, ஜனாதிபதிக்கு எழுதுங்கள். முப்படைகளின் உச்சத் தளபதி அவர்தானே, ஃபைலையும் அவரே தேடட்டும்.

கடிதம் நாலு பக்கம் இருக்கட்டும். பாரத மாதாவில் தொடங்கி, நாட்டில் லஞ்சம் பெருகியதைக் கண்டித்து, மூத்த பையன் சொத்துத் தகராறுக்கு வந்து முடியட்டும். நம்பர், ரேங்க், யூனிட், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எங்கே நின்றீர்கள் என்ற நாலு வரி மட்டும் வேண்டாம். அதைப் போட்டால் அந்தப் பக்கம் யாராவது ரிஜிஸ்டரைப் பிரித்துவிடுவார்கள். புத்தகத்தின் ஒரிஜினலையே சாதாரணத் தபாலில் அனுப்புங்கள். ஜெராக்ஸ், சான்றொப்பம், ஸ்பீட் போஸ்ட் எல்லாம் நம்பிக்கை இல்லாதவர்கள் செய்கிற காரியம்.

இன்னொன்று. ஒரு ஸ்டாருக்கு மனுப் போடாதீர்கள், எட்டுக்குப் போடுங்கள். 1965-க்குச் சமர் சேவா ஸ்டார் (நீங்கள் அப்போது எட்டாம் வகுப்பு). உயரமான இடத்தில் பணி செய்ததற்கான மெடல். அதற்கு 9,000 அடிக்கு மேலே நின்றிருக்க வேண்டும். கொடைக்கானலே 7,000 அடிதான், அடுக்கம் அதற்கும் கீழே. பரவாயில்லை, பிறந்ததிலிருந்து மலையில்தான் இருக்கிறேன் என்று எழுதுங்கள். எட்டில் ஏழு பொய் என்று தெரிந்ததும் எட்டாவதையும் சேர்த்துக் கட்டி வைத்துவிடுவார்கள்.

7. நம்பர் கேட்டால் கதை சொல்லுங்கள்.

பட்டாளத்தில் உங்கள் லீவு, கல்யாணம், பிள்ளை பிறந்தது, போஸ்டிங், மெடல் எல்லாம் பார்ட் டூ ஆர்டரில் வெளியாகி, அங்கிருந்துதான் ஷீட் ரோலில் ஏறும். வெளியாகாதது நடக்கவில்லை. உங்கள் கல்யாணமே ஒரு கிளார்க் தட்டச்சு செய்த பிறகுதான் செல்லுபடியானது, நினைவிருக்கிறதா?

“ஐயா, பார்ட் டூ ஆர்டர் நம்பர் ஏதாச்சும் இருக்குங்களா?”

“தம்பி, அன்னைக்கு ராத்திரி தண்ணி இடுப்பு வரைக்கும். டிசம்பர் மாசக் குளிரு. மேலே ஷெல்லு விழுது...”

“தேதியாவது தெரியுங்களா?”

“பக்கத்துல நின்னவன் திருநெல்வேலிப் பையன். ‘அண்ணே, பீடி இருக்கா’ன்னு கேட்டான். எடுத்து நீட்டுறேன், ஆளு இல்ல.”

அந்தத் தம்பி பேனாவை வைத்துவிடுவான். டீ வாங்கித் தருவான். ஃபாரத்தில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும்.

8. காத்திருங்கள்.

அமெரிக்காவில் 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் புறநகரில் இருந்த ஆவணக் காப்பகம் தீப்பிடித்து, ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களின் ஃபைல் சாம்பலானது. நமக்கு நெருப்பு தேவையில்லை, விதியே போதும். பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவரின் காகிதங்களை 25 வருஷத்துக்குப் பிறகு அழித்துவிடலாம். 24-ஆவது வருஷம் ஞாபகம் வந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள்.

9. தகவல் உரிமைச் சட்டத்தில் “ஏன்” என்று கேளுங்கள்.

பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து “என் ஷீட் ரோல் நகல் வேண்டும்” என்று கேட்டால் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். “எனக்கு ஏன் ஸ்டார் தரவில்லை? இது நியாயமா?” என்று கேளுங்கள். நியாயம் எந்த ஃபைலிலும் கிடையாது என்பதால் ஒரே வரியில் பதில் வந்து சேரும்.

10. தீர்ப்பாயத்துக்கு ஏழாவது மாதம் போங்கள்.

ராணுவத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையில் இருக்கிறது. இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும் என்பது சட்டம். அதற்குள் போனவர்களுக்கு என்ன நடக்கிறது தெரியுமா? கார்கிலில் 70-ஆவது பிரிகேடை நடத்திய தேவிந்தர் சிங், தன் பங்கைக் குறைத்து எழுதிவிட்டார்கள் என்று வழக்காடினார். 2010-இல் தீர்ப்பாயம் பதிவைத் திருத்தச் சொல்லிவிட்டது. பிரிகேடியருக்கே போர் முடிந்து பதினோரு வருஷம் ஆனது. நீங்கள் நாயக். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

11. இதெல்லாம் தவறினால், டீக்கடைக்குப் போங்கள்.

இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். அடுக்கத்தில் விஷயத்தை வாய்விட்டுச் சொன்னால் போதும், யாராவது கேட்பார்:

“மிலிட்டரிண்ணே, அந்த ஸ்டாருக்கு மாசம் எவ்வளவு தருவாங்க?”

வீரத்துக்கான சேனா மெடல் என்றால் மாதம் 2,000 ரூபாய் உண்டு. போரில் நின்றதற்கான ஸ்டாருக்குப் பைசா கிடையாது. அதைச் சொல்லுங்கள்.

“பைசா வராதா? அப்புறம் எதுக்குண்ணே இந்த வயசுல அலையிறீங்க?”

இந்தக் கேள்விக்குப் பதில் தேடாதீர்கள். திருநெல்வேலிப் பையனின் பேர் நாக்கு நுனி வரை வரும், விழுங்குங்கள். “அதுவும் சரிதான்” என்று சொல்லி கிளாஸைக் கழுவி வையுங்கள்.

அப்படியும் ஒரு விடியற்காலையில் மனசு கேட்காமல், மூட்டையை இறக்கி, பெட்டியைத் திறந்து, கோட்டை விலக்கி, புத்தகத்தை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டீர்களா? பதறாதீர்கள். ராத்திரி நல்ல மழை. கும்பக்கரைக்கு மேலே பாறை உருண்டு ரோடு அடைபட்டுக் கிடக்கிறதாம், பஸ் வராது. திண்டுக்கல்லுக்கு மேலே ஏறித்தானே போக வேண்டும், இறங்குகிற ரோடு அடைத்தால் என்ன என்று யாராவது கேட்டால், காது கேட்காதவர்போல் வீட்டுக்குத் திரும்புங்கள்.