வெட்டிய கல்லீரலும் வந்து போகும் கொழுப்பும்

கேள்வி: கல்லீரலைப் பாதி வெட்டினாலும் மறுபடி வளர்ந்துவிடுமாமே?

பதில்: எடை திரும்பும், வடிவம் திரும்பாது. வெட்டிய மடல் முளைப்பதில்லை. மிஞ்சிய மடல்கள் பருத்து முழு வேலையையும் ஏற்கின்றன. ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் இருவரும் 1931-இல் எலிகளின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை நீக்கிக் காட்டினார்கள். ஏறக்குறைய பத்து நாளில் பழைய எடைக்கு வந்துவிடுகிறது!

கேள்வி: அந்த வேகத்துக்குத் தெம்பு எங்கிருந்து வருகிறது? சர்க்கரையிலிருந்தா?

பதில்: பெரும்பங்கு கொழுப்பிலிருந்து. சர்க்கரையைச் சேமித்து வைக்கும் உறுப்பே வெட்டுப்பட்டதால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடுகிறது. அப்போது உடம்பின் கொழுப்புத் திசுக்களில் லைப்பேஸ் நொதிகள், சேர்த்து வைத்த கொழுப்பை உடைத்துக் கொழுப்பு அமிலங்களாக ரத்தத்தில் விடுகின்றன. மிஞ்சிய கல்லீரல் அவற்றை வாங்கித் துளித்துளியாக நிரப்பிக்கொள்கிறது. எலிகளில் முதல் நாளே இதை நுண்ணோக்கியில் காணலாம். அடுத்தது சிபிடி-1 என்ற நொதியின் முறை. கொழுப்பு அமிலங்களை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழைய விடுவது அதுதான். உள்ளே அவை எரிந்து, செல் பிரிவதற்கான ஆற்றல் கிடைக்கிறது. ஒரு பகுதி புதிய செல்களுக்குச் சவ்வாகிறது. இந்த எரிப்பை முடுக்கிவிடும் பிபிஏஆர்-ஆல்ஃபா புரதம் இல்லாத சுண்டெலிகளில் வளர்ச்சி தாமதமாகிறது. குளுக்கோஸை அதிகம் ஏற்றினாலும் எலிகளில் வளர்ச்சி மந்தப்படுகிறது. எனக்கு இதில் பெரிய வியப்பு அதுதான்.

கேள்வி: அப்படியானால் கொழுப்புக் கல்லீரல்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், இல்லையா?

பதில்: இல்லவே இல்லை. அடுப்புக்கு விறகு வேண்டும். அடுப்பு வாயையே விறகு அடைத்துக்கொண்டால் தீ எரியாது. அறுவைக்குப் பின் சேரும் கொழுப்பு சில நாளில் செலவாகிவிடும். பல ஆண்டுகளாகத் தேங்கிய கொழுப்போ செல்களை உப்பவைத்து, நுண்ணிய ரத்த வழிகளை நெருக்கி, மைட்டோகாண்ட்ரியாவையும் பழுதாக்கியிருக்கும். அதனால்தான் பெரிய துளிக் கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டினால், கல்லீரல் தானத்துக்கு வரும் உயிருள்ள கொடையாளரை மருத்துவர்கள் பொதுவாக ஏற்பதில்லை. அந்தக் கண்டிப்பு அவசியம் என்பேன்.

கேள்வி: தம்பிக்குக் கல்லீரல் கொடுக்க ஆசை. எனக்குக் கொழுப்பு இருக்கிறது என்கிறார்கள். வழி உண்டா?

பதில்: பெரும்பாலும் உண்டு. உறவினர் கொடுப்பது பலன் தரும் என்பதற்குச் சான்று உண்டு: 1998-இல் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு டெல்லியில் தந்தை கொடுத்த கல்லீரல் துண்டு உயிர் காத்தது. அந்தக் குழந்தை இன்று மருத்துவர். உங்களுக்குத் தடையாக இருக்கும் கொழுப்போ கரையக்கூடியதே. மதுவையும் இனிப்புப் பானங்களையும் விட்டு, நடந்து, எடையைக் குறைத்தால் சில மாதங்களிலேயே குறையலாம். பட்டினி மட்டும் கிடக்காதீர்கள். மாற்று சிகிச்சைக் குழுவிடம் உணவுத் திட்டம் கேட்டு, அதன்படி நடந்து, மறுபரிசோதனைக்குப் போய் நில்லுங்கள்.