பொதி வந்தது, பெக்கோ வரவில்லை

சிலாபத்தில் வெள்ளம் வந்தால் அரசாங்கம் வரும். வெள்ளம் வடிய முதல் அரசாங்கம் வடிந்துவிடும். இந்த ஊரில் தடங்கலின்றி வடிவது அது ஒன்றுதான்.

2025 நவம்பர் 28ஆம் திகதி டித்வா புயல் நாட்டுக்குள் நுழைந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நேரடிச் சேதம் மட்டும் 410 கோடி டொலர் என்று உலக வங்கி கணக்குச் சொன்னது. இங்கே தெதுரு ஓயா கரை தாண்டியது. சிலாபம் பொது வைத்தியசாலைக்குள் தண்ணீர் புகுந்தது. நோயாளர்களைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் தேட வேண்டி வந்தது. கொஞ்சம் தெற்கே, லுணுவிலவில், நிவாரணப் பணிக்குப் பறந்த விமானப்படை ஹெலிகொப்டர் ஆற்றில் விழுந்து விமானி உயிரிழந்தார். அவரைப் பற்றி இங்கே பகிடி இல்லை. காப்பாற்ற வந்தவர் செத்தார். கானைத் துப்பரவாக்காதவர்கள் இரங்கல் செய்தி எழுதினார்கள்.

"அது பெரும் புயல் ஐயா, அதை யார் தடுக்க முடியும்?" என்று ஒரு குரல் கேட்கும். சரி, டித்வாவை விட்டுவிடுவோம். 2018 மே மாதம் வந்தது என்ன? 2021 நவம்பரில்? 2024இல்? அவற்றுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. பெயர் வைக்காத மழைக்கும் மூழ்குகிற ஊர் இது.

தெதுரு ஓயா 142 கிலோமீற்றர் ஓடி, குருநாகல் மாவட்டத்தின் தண்ணீரையெல்லாம் சுமந்துகொண்டு, சிலாபத்துக்குச் சற்று வடக்கே கடலில் விழுகிறது. வழியில் 7.5 கோடி கன மீற்றர் கொள்ளும் ஒரு நீர்த்தேக்கம் இருக்கிறது, 2014இல் திறந்தார்கள். மேலே மழை பிடித்தால் வான்கதவு திறக்கும். கூடவே ஒரு அறிவித்தல் வரும்: தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும். நாங்கள் அவதானமாகத்தான் இருக்கிறோம். தண்ணீர் முற்றத்துக்கு வந்ததை அவதானித்தோம். குசினிக்குள் வந்ததை அவதானித்தோம். கட்டிலுக்கு மேல் கதிரையைப் போட்டு, கதிரைக்கு மேல் பிள்ளையின் புத்தகப் பையை வைத்துவிட்டு, அது மிதந்து போவதையும் அவதானித்தோம். இதற்கு மேல் அவதானிக்க வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

அந்த அறிவித்தலாவது நேரத்துக்கு வருகிறதா? டித்வா வாரத்தில் தமிழ் எச்சரிக்கைகள் பிந்தியும் அரைகுறையாகவும் வந்தன என்று நாடெங்கும் முறைப்பாடு எழுந்தது. சிங்களத்தில் வெள்ளம் வரப்போகிறது. தமிழில் வாசிக்கக் கிடைக்கும்போது வந்து முடிந்திருக்கும். ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் கடலுமாக இருக்கிற உடப்புத் தமிழ்ச் சனம், அரசகரும மொழிக் கொள்கையைக் கணுக்கால் அளவுத் தண்ணீரை வைத்து விளங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இனி மணலுக்கு வருவோம். கதையே அங்கேதான்.

தெதுரு ஓயாவின் மணல் நாட்டில் பேர்போனது. பகலில் அனுமதிப்பத்திரத்தோடும் இரவில் அது இல்லாமலும் டிப்பர் ஏறும். ஆற்றின் அடி இறங்கிவிட்டது. கரை இடிந்து தென்னையோடு ஆற்றுக்குள் சாய்கிறது. கோடையில் உப்புத் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறிக் கிணறுகளைக் கெடுக்கிறது. ஆறு கொண்டுவந்து கடற்கரைக்குக் கொடுக்க வேண்டிய மணல் கொழும்பில் மாடி வீடாகிவிட்டதால், கடல் எங்கள் கரையைத் தின்கிறது. கரையைக் காக்கக் கருங்கல் கொட்டுகிறார்கள். கருங்கல்லுக்கு ஒரு கொந்தராத்து. மணலை எடுத்தவனுக்கும் காசு. மணல் இல்லாததற்குக் கல் போட்டவனுக்கும் காசு. நட்டக் கணக்கில் எழுத ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. அது தாழ்நிலப் பகுதி மக்கள்.

சிலாபக் களப்பின் முகத்துவாரத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே மணல் குவிந்து கிடக்கிறது. படகு தட்டுகிறது. மழைத் தண்ணீர் கடலுக்குப் போக வழியின்றி ஊருக்குள் திரும்புகிறது. ஆழப்படுத்துங்கள் என்று மீனவர்கள் கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றிவிட்டது. பதில் ஒன்றுதான்: நிதி இல்லை. அள்ளக் கூடாத இடத்தில் ஆயிரம் டிப்பர். அள்ள வேண்டிய இடத்தில் ஒரு பெக்கோவுக்கு டீசல் இல்லை.

இந்தக் கரையோரமாக ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய் ஒன்று இன்னும் இருக்கிறது. நம்மைச் சுரண்ட வந்தவன், கறுவா ஏற்றிப் போக வெட்டினான். அவனுக்கு நம்மீது பாசம் கிடையாது. ஆனாலும் தண்ணீர் ஓடுகிற மாதிரி வெட்டினான். நம்மீது பாசமுள்ளவர்கள் வந்த பிறகுதான் அது ஓடாமல் போனது. 1980களிலிருந்து கண்டல் காட்டை வெட்டி இறால் பண்ணை போட்டார்கள். பண்ணைக்குத் தண்ணீர் எடுத்ததும் அந்தக் கால்வாயில்தான், கழிவைத் திருப்பி விட்டதும் அந்தக் கால்வாயில்தான். 1996இல் வெண்புள்ளி நோய் வந்து இறால் செத்தது. டொலர் கனவு கண்ட முதலாளிமார் லொறியேறிப் போய்விட்டார்கள். இறால் செத்தது, வரம்பு சாகவில்லை. கைவிட்ட தொட்டிகளின் மண்வரம்புகள் இன்றைக்கும் தண்ணீருக்குக் குறுக்கே நிற்கின்றன.

ஒல்லாந்தருடைய சொந்த நாட்டில் தண்ணீரைப் பார்க்கவென்றே 21 நீர்ச் சபைகள் இருக்கின்றன. அவற்றில் சில பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. சனம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்கிறது. தனியாக வரி கட்டுகிறது. 1953இல் கடல் உள்ளே வந்து 1,800 பேருக்கு மேல் செத்தபோது அவர்கள் உலர் உணவு கொடுத்ததோடு கைகழுவவில்லை. அணையும் மதகும் கட்ட இறங்கினார்கள். 1997 வரை கட்டினார்கள்.

நம்மிடம் சபைகளுக்கா பஞ்சம்? ஆறு நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. மணல் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்துக்கு. கடற்கரை இன்னொரு திணைக்களத்துக்கு, கண்டல் வேறொன்றுக்கு. வயல் வாய்க்கால் கமநலத்துக்கு. பெருவீதிக் கான் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, ஒழுங்கைக் கான் நகர சபைக்கு. தண்டவாளத்துக்குக் கீழே இருக்கிற மதகு ரயில்வேக்கு. தண்ணீர் மட்டும் எங்களுக்கு. இத்தனைக்கும் மேலே வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரன் 1924இல் எழுதியது. 2024இல் அதற்கு நூறு வயது நிறைந்தது. அந்த ஆண்டும் சிலாபத்தில் வெள்ளம்தான். விழா எடுத்திருந்தால் பிரதம விருந்தினரைத் தோணியில் கூட்டிப் போயிருக்கலாம்.

டித்வாவுக்குப் பிறகு வீடு துப்பரவாக்க 25,000 ரூபா என்று ஜனாதிபதி அறிவித்தார். நல்ல காரியம், மறுக்கவில்லை. வீட்டுச் சேற்றை அள்ள எங்களுக்குக் காசு கிடைத்தது. ஆற்றுச் சேற்றை அள்ளத்தான் யாருக்கும் காசு கிடைப்பதில்லை. அடுத்த மழையில் அதே சேறு அதே வீட்டுக்கு வரும். அதே காசைத் திரும்பவும் அறிவிக்கலாம்.

அறிவிப்புக்கும் கைக்கும் நடுவே ஒரு மேசை உண்டு. அந்த மேசைக்கு முன்னால் நின்ற, மீன் விற்கிற ஒரு அம்மாவிடம், மேசைக்குப் பின்னால் இருந்த பொடியன் கேட்டான்:

"அம்மா, ஐடென்டி கொப்பி?"

"தண்ணியில போயிற்று மகன்."

"அப்ப பொலிஸ் என்ட்ரி ஒண்டு வேணும்."

"பொலிஸுக்குப் போற ரோட்டுலயும் தண்ணி நிக்குதே."

"அது வடிஞ்சாப் பிறகு எடுத்துக்கொண்டு வாங்க."

"அது எப்ப மகன் வடியும்?"

பொடியன் நல்லவன். பொய் சொல்லவில்லை. "அது எங்கட செக்‌ஷன் இல்ல அம்மா."

ஏன் நிவாரணப் பொதி வருகிறது, பெக்கோ வருவதில்லை? பொதி கொடுத்தால் படம் எடுக்கலாம். பொதியில் முகத்தையும் ஒட்டலாம். கான் வெட்டினால் படத்தில் சேறுதான் விழும். அதுவும் மழை இல்லாத மாசியில் வெட்ட வேண்டும். மாசியில் எந்த கேமராவும் சிலாபத்துக்கு வராது. ஆட்சிக்கு நீலம் வந்தது. பச்சை வந்தது. மொட்டு வந்தது. இப்போது திசைகாட்டி. திசைகாட்டிக்கு வடக்கு தெரியும் என்கிறார்கள். தண்ணீர் போகிற திசை இன்னும் பிடிபடவில்லை.

அரசாங்கத்துக்குச் சிலாபம் வர வழி தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். 2012 பெப்ரவரி 15. எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்து இந்த ஊர் மீனவர்கள் வீதியில் இறங்கினார்கள். விசேட அதிரடிப்படை வந்தது. ஒரு மீனவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றைக்குக் கேள்விப்பத்திரம் கோரவில்லை. இது எந்தத் திணைக்களத்து எல்லை என்று கூட்டம் போடவில்லை. நிதி ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்கவில்லை. துவக்குக்கு வழி திறந்திருந்தது. பெக்கோவுக்குத்தான் பாதை அடைபட்டிருக்கிறது.

ஒரு யோசனை இருக்கிறது, செலவில்லாதது. முகத்துவாரத்தில் ஒரு பலகை நடுங்கள்: இங்கே மணல் அள்ளுவது தண்டனைக்குரிய குற்றம். காவலுக்கு இரண்டு பேரையும் போடுங்கள். ஒரு கிழமையில் ஆழம் வந்துவிடும். கடல் மணல் உப்பு, கட்டடத்துக்கு உதவாது என்று இன்ஜினியர்மார் சொல்வார்கள். அரசாங்கக் கட்டடத்துக்கு உதவும்.