பூமிக்கு ஜாதகம் கணித்தவர்கள்

ஜாதகம் எழுதப் பிறந்த நேரம் வேண்டும். பூமி பிறந்தபோது பக்கத்தில் மருத்துவச்சி யாரும் இல்லாததால், அயர்லாந்தின் ஆர்மா பேராயர் ஜேம்ஸ் அஷர் அந்தப் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார். பைபிளில் யாருக்கு எந்த வயதில் பிள்ளை பிறந்தது என்று கூட்டி, பழைய அரசர்களின் வரலாற்றோடு ஒட்டவைத்து, 1650-இல் தீர்ப்புச் சொன்னார்: உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004, அக்டோபர் 23-க்கு முந்தின மாலை. நட்சத்திரமும் லக்னமும் மட்டும்தான் பாக்கி. கேலி செய்வது சுலபம். ஆனால் மனிதர் குறி சொல்லவில்லை, கையிலிருந்த பத்திரங்களை ஒழுங்காகப் படித்தார். பாறையையும் ஒரு வார்த்தை கேட்கலாம் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கேட்டவர் ஒரு கொல்லனின் மகன். சாமர்செட்டில் நிலக்கரி கொண்டுபோகக் கால்வாய் வெட்டியபோது நிலம் அளக்க வந்த வில்லியம் ஸ்மித். எங்கே வெட்டினாலும் பாறை அடுக்குகள் அதே வரிசையில் வருவதைக் கவனித்தார். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்த இரண்டு களிமண் அடுக்குகளைக்கூட, உள்ளே கல்லாகிக் கிடந்த சிப்பிகளைப் பார்த்தே பிரித்துச் சொன்னார். 1815-இல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் வண்ண வண்ணமாகப் பாறை வரைபடம் போட்டார். லண்டன் நிலவியல் சங்கத்துக் கனவான்கள் அதைப் பாராட்டிய விதம் தனி: தாங்களே போட்டியாக ஒரு வரைபடம் தயாரித்தார்கள். 1819-இல் ஸ்மித் கடனாளிகள் சிறைக்குப் போனார். 1831-இல் அதே சங்கம் அவரைக் கூப்பிட்டுப் பதக்கம் கொடுத்தது. பதக்கத்துக்குக் கடன்காரன் வட்டி தள்ளுபடி செய்வதில்லை.

ஸ்மித்தின் முறையில் ஒரு குறை. கீழே இருப்பது மூத்தது, மேலே இருப்பது இளையது. அண்ணன் யார், தம்பி யார் என்பது தெரிந்தது, வயது ஒருவருக்கும் தெரியவில்லை.

அந்த இடைவெளியில் இயற்பியலாளர் லார்ட் கெல்வின் நுழைந்தார். பூமி ஒரு காலத்தில் உருகிய உருண்டை, இன்று எவ்வளவு ஆறியிருக்கிறது என்று பார்த்தால் பிறந்த நேரம் வந்துவிடும் என்றார். அதாவது, சோற்றுப்பானையைத் தொட்டுப் பார்த்து எப்போது இறக்கினார்கள் என்று சொல்கிற வித்தை. 1862-இல் 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுக்குள் என்றார். பிறகு பேரம் பேசிப் பேசி 1897-இல் 2 கோடியிலிருந்து 4 கோடிக்குள் கொண்டுவந்துவிட்டார். உயிர்கள் மெல்ல மெல்ல மாறுவதற்கு இதெல்லாம் எந்த மூலைக்கு? டார்வினுக்கு முந்தைய கணக்கே வயிற்றைக் கலக்கியிருந்தது. கையில் சுத்தியலோடு அலைந்த நிலவியலாளர்களுக்கும் அவ்வளவு அடுக்கு இவ்வளவு காலத்தில் படியாது என்று தெரியும். ஆனால் சமன்பாட்டைப் பார்த்ததும் வாய் அடைத்துப்போனது. 1895-இல் கெல்வினின் பழைய உதவியாளர் ஜான் பெரி மட்டும், ‘ஐயா, பானைக்குள் கஞ்சி புரண்டுகொண்டிருந்தால்?’ என்ற பொருளில் கேட்டார். உள்ளே புரண்டால் அடிச்சூடு மேலே வந்துகொண்டே இருக்கும், மேற்பரப்பு ஆறுவதை வைத்துப் போட்ட கணக்கு கவிழும். அதிகம் பேர் காது கொடுக்கவில்லை.

1904-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இயற்பியலாளர் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு பேச வந்தார். கதிரியக்கத்தால் பாறைக்குள்ளேயே வெப்பம் பிறக்கிறது என்று சொல்ல வேண்டும். சொன்னால் கெல்வின் கணக்கு காலி. அரையிருட்டில் பார்த்தால் முன்னால் கெல்வினே உட்கார்ந்திருக்கிறார்! நல்லவேளை, எண்பதை நெருங்கிய கிழவர் தூங்கிவிட்டார். சங்கதி வரும் இடத்தில் சரியாக விழித்து, ஒரு கண்ணைத் திறந்து முறைத்தார். ரூதர்ஃபோர்டு அந்த நொடியில் ஒரு போடு போட்டார்: புதிதாக வெப்பமூலம் எதுவும் கண்டுபிடிக்கப்படாதவரைதான் தன் கணக்கு செல்லும் என்று லார்ட் கெல்வின் அன்றே சொன்னாரே, என்ன தீர்க்கதரிசனம்! கிழவர் முகம் மலர்ந்துவிட்டது. ரூதர்ஃபோர்டே பிற்காலத்தில் சொன்ன கதை இது. மாமனாரைச் சமாளிக்கிற மாப்பிள்ளைகள் மனப்பாடம் செய்யலாம். இதில் வேடிக்கை, கெல்வின் கணக்கை உண்மையில் கவிழ்த்தது பெரி சொன்ன காரணம்தான், கதிரியக்க வெப்பம் அல்ல என்கிறார்கள் இன்று. ஆனால் பாறைக்கு வயது தந்தது கதிரியக்கம்தான்.

யுரேனியம் மாறாத வேகத்தில் சிதைந்து ஈயமாகிறது. எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால் வயது. 1907-இல் அமெரிக்காவின் பெர்ட்ரம் போல்ட்வுட் கனிமங்களை இப்படிச் சோதித்தபோது, 220 கோடி என்று முதலிடம் பிடித்தது இலங்கையின் தோரியனைட். சில ஆண்டுகள் முன்பு அதை முதலில் ஆராய்ந்து விவரித்தவர் ஆனந்த குமாரசாமி. நடராஜரைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற அதே குமாரசாமி, அப்போது இலங்கையில் கனிம ஆய்வு அதிகாரி. 220 கோடியும் தப்பு. தோரியமும் ஈயமாகும் என்பது போல்ட்வுட்டுக்குத் தெரியாது.

ஸ்மித்தின் அடுக்குகளுக்கு இந்த ஈயக் கணக்கை நேரடியாகப் போட முடியாது. மணற்பாறையைச் சோதித்தால், மணல் எந்த மலையிலிருந்து உதிர்ந்ததோ அந்த மலையின் வயது வரும். அதனால் அடுக்குகளுக்கு நடுவே படிந்த எரிமலைச் சாம்பலைத் தேடுகிறார்கள். அதில் சிர்க்கான் என்ற பொடிப் படிகம் இருக்கும். உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை வாசலிலேயே நிறுத்திவிடும். பிறகு உள்ளே ஈயம் இருந்தால் அது அங்கேயே பிறந்தது. மேலே ஒரு சாம்பல், கீழே ஒரு சாம்பல். நடுவில் உள்ள சிப்பியின் காலம் கிடைத்துவிடும்.

பூமிக்கே வயது சொன்னவர் கிளேர் பேட்டர்சன், 1956-இல். பூமியின் பழம்பாறைகள் உருகி உருமாறிவிட்டதால், பூமி உருவான காலத்ததே என்று கருதப்படும், அரிசோனாவில் விழுந்த விண்கல்லை எடுத்துக்கொண்டார். ஆய்வுக்கூடத்தில் எங்கிருந்தோ ஈயம் வந்து கணக்கைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அதைத் துரத்தியவர் கடைசியில் பெட்ரோலில் ஈயம் கலந்த கம்பெனிகளோடு சண்டைக்கே போனார். அவர் சொன்னது 455 கோடி. இன்றைய கணக்கு 454 கோடி, முன்னே பின்னே 5 கோடி இருக்கலாம். கெல்வின் கடைசியாகப் பூமிக்குக் கொடுத்த மொத்த வயதும் அந்த ‘முன்னே பின்னே’க்குள் அடங்கிவிடும்.