விரதம் பிடிக்கிற மீனைப் பிடிக்கிற பாடு

ஸ்காபரோ,
புரட்டாதி, இரண்டாம் சனி.

அன்புள்ள மச்சான்,

“கொத்தானுக்கு விசர் பிடிச்சிட்டுது எண்டு அம்மா ஃபோனிலை சொல்லுறா, என்ன விசயம்?” எண்டு கேட்டிருந்தாய். விசரும் இல்லை, ஒண்டும் இல்லை. ஆத்திலை சாமன் ஏறத் தொடங்கிட்டுது, அவ்வளவுதான்.

சாமன் எண்டால் சங்கக்கடையிலை ரின்னிலை வாறதை நினையாதை. அதுக்குள்ளை கிடக்கிறது அனேகமாய் வேறை மீன். நான் சொல்லுறது சினூக், பத்துக் கிலோ தாண்டினதும் வரும். இதுவும் எங்களைப்போல வந்தேறிதான். ஒன்ராறியோ வாவியிலை முந்தி அத்திலாந்திக் சாமன் நிறைஞ்சு கிடந்தது. மரம் அரியிற ஆலைக்கும் மா அரைக்கிற ஆலைக்கும் எண்டு ஆறுகளை மறிச்சு அணை கட்ட, 19ஆம் நூற்றாண்டு முடியிறதுக்குள்ளை அது வாவியிலை அழிஞ்சே போச்சு. பேந்து 1960களின்ரை கடைசியிலை இருந்து பசிபிக் பக்கத்துக் கோஹோவையும் சினூக்கையும் கொண்டுவந்து விட்டாங்கள். வாவியிலை கண்டபடி பெருகின ஏல்வைஃப் எண்ட சின்ன மீனைத் தின்ன ஒரு ஆள் தேவைப்பட்டுது, தூண்டில்காரருக்கும் ஒரு பொழுதுபோக்கு வேணும். இப்ப இருக்கிற சாமனுக்கு உப்புத்தண்ணி எப்பிடி இருக்கும் எண்டே தெரியாது. இஞ்சை பிறந்த எங்கடை பெடியளுக்குப் பருத்தித்துறை தெரியுமோ, அப்பிடித்தான்.

பாடு எங்கை தொடங்குது எண்டால், முட்டை போட ஆத்திலை ஏறத் தொடங்கின சாமன் சாப்பாட்டை நிப்பாட்டிப்போடும். வயிறு சுருங்கிப்போகும், உடம்பிலை இருக்கிற கொழுப்பை வைச்சே மேலை மட்டும் போய், முட்டை போட்டிட்டுச் செத்துப்போகும். அது வாறது செப்டம்பர், ஒக்ரோபரிலை. அதாவது சரியாய்ப் புரட்டாதி! மீனும் விரதம், மாமியும் விரதம். சனிக்கிழமை சனீஸ்வரனுக்கு, பேந்து நவராத்திரி. நடுவிலை தூண்டிலோடை நான் நிக்கிறன்.

தொண்டைமானாத்திலை நாங்கள் பிடிச்ச மீன் பசியிலை கடிச்சது. இறால் துண்டைக் கொளுவிப் போட்டால் முடிஞ்சுது. இஞ்சை பசியில்லாததைக் கடிக்கப் பண்ணவேணும். ஒண்டில் அதுக்குக் கோபம் வரவேணும், இல்லாட்டிப் பழைய ஞாபகத்திலை வாயைத் திறக்கவேணும். கோபத்துக்குக் கரண்டி, ஞாபகத்துக்குச் சினை.

கரண்டி எண்டது பகிடியில்லை. ஜூலியோ பியூல் எண்ட அமெரிக்கர் வள்ளத்திலை இருந்து சாப்பிடேக்கை கரண்டி தவறி விழுந்து, மினுங்கிக்கொண்டு போனதை ஒரு மீன் கவ்விச்சுதாம். கதை உண்மையோ தெரியாது, ஆனால் 1850களிலை காப்புரிமை எடுத்து அந்த ஆள் வியாபாரமே நடத்தினவர். நானும் கொக்காவின்ரை மேசைக்கரண்டி ஒண்டின்ரை பிடியை அரிஞ்சு, அரத்தாலை ராவி, ரெண்டு முனையிலையும் துளை போட்டன். எவர்சில்வரைத் துளைக்கிறது லேசான வேலை இல்லை. வேகமாய்ச் சுத்தினால் துளைப்பான் சூடாகி நீலம் பாரிச்சுப் போகும். எண்ணெய் விட்டு, ஆறுதலாய், அழுத்தித் துளைக்கவேணும். கைக்கெட்டின எண்ணெய் மாமி சனிக்கு எள்ளெண்ணெய் எரிக்க எண்டு வைச்சிருந்தது. அண்டைக்குத் தொடங்கினதுதான் இந்த விசர்க் கதை.

ஒரு துளையிலை வளையமும் தூண்டிலும், மற்றதிலை தங்கூசி. குளிக்கிற தொட்டியிலை தண்ணி நிரப்பி இழுத்துப் பாத்தன். வளைவு சரியெண்டால் இடமும் வலமுமாய் ஆடிக்கொண்டு வரும். கூடிப்போனால் சுத்திச் சுத்தித் தங்கூசியை முறுக்கிப்போடும். கடையிலை ஏழெட்டு டொலருக்குக் கிடக்கு எண்டு கொக்கா கணக்குச் சொன்னா. வீட்டிலை செய்த சாமானின்ரை அருமை கணக்குப் பாக்கிற ஆக்களுக்கு விளங்காது.

இனிச் சினைக் கதை. பெட்டை மீனின்ரை சினையைக் கிண்டி எடுத்து, வெங்காரம், உப்பு, சீனி தூவி ஊறவைக்கவேணும். வெங்காரம் தோலை இறுக்கும், கெடவும் விடாது. “வாய்ப்புண்ணுக்குத் தேனிலை குழைச்சுப் பூசுற வெங்காரமோ? மீனுக்கு என்ன, வாய்ப்புண்ணோ?” எண்டு மாமி கேட்டா. பேந்து மெல்லிய வலையைச் சதுரமாய் வெட்டி, ஆறேழு முட்டையை நடுவிலை வைச்சு, நாலு மூலையையும் கூட்டிப் பிடிச்சு, இழுபடுற நூலாலை இறுக்கிச் சுத்தவேணும். முடிச்சுத் தேவையில்லை, இழுத்து அறுத்தால் நூல் தானே பிடிச்சுக்கொள்ளும். நான் கட்டினதெல்லாம் கோணலும் மாணலும். கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டிருந்த மாமி, “தள்ளு மருமோன்” எண்டு சொல்லிப்போட்டு இருந்தா. வாழ்நாள் முழுக்கக் கொழுக்கட்டை பிடிச்ச கையெல்லே! ஒரு மணித்தியாலத்திலை ஒரு போத்தல் நிறைஞ்சுபோச்சு. எல்லாம் ஒரே அளவு, ஒரே உருண்டை.

வெள்ளி, சனியிலை மட்டும் தொடமாட்டா. நாங்கள் மீனுக்குப் போறது சனி விடிய. ஆனபடியால் வியாழக்கிழமை பின்னேரம் எங்கடை குசினி ஒரு தொழிற்சாலை. போத்தல் ஊறுகாய்க்குப் பக்கத்திலை இருக்கக்கூடாது, விளக்குப் பக்கம் வரக்கூடாது எண்டு சட்டமும் போட்டிருக்கிறா.

தங்கூசியிலை கட்ட ஈயம் உருக்கிக் குண்டு செய்யிற எண்ணத்தை விட்டிட்டன். எங்கடை ஒரு டொலர்க் குத்தியிலை இருக்கிற லூன் பறவை, அரைவைக்குக் கூழாங்கல் விழுங்கிறது. அடியிலை கிடக்கிற ஈயத்தையும் கல்லெண்டு விழுங்கிச் செத்துப்போகுது. காசிலை படம் போட்ட குருவியைக் கொல்லலாமோ? கார் திருத்தேக்கை மிஞ்சின இரும்பு நட்டுக் காணும்.

போன சனி ரூஜ் ஆத்து முகத்துவாரத்திலை, விடியமுன்னம், மாமி கட்டின பொட்டலத்தைத்தான் ஒரு சினூக் எடுத்தது. என்ரை கரண்டியை ஒண்டும் திரும்பியும் பாக்கேல்லை. கரைக்கு இழுத்துப் படம் எடுத்து மாமிக்கு அனுப்ப, உடனை ஃபோன்: “சனிக்கிழமையிலை உயிரைக் கொண்டுவந்து வீட்டுக்குள்ளை வைக்காதை, விடு!” விட்டன். வாவியிலை பிடிச்ச பெரிய சாமனை அளவாய்த் தின்னச் சொல்லி மாகாண அரசே கையேடு போட்டிருக்கு, ஆனபடியால் பெரிய நட்டமில்லை. ஆனால் மாமிக்கு ஒரு பெருமை வந்திட்டுது. 65 தாண்டின ஆக்களுக்கு இஞ்சை மீன் பிடிக்க லைசன்ஸ் வாங்கத் தேவையில்லை, அடையாள அட்டை காணும் எண்டு நான் சொன்னதிலை இருந்து, புரட்டாதி எப்ப முடியுது எண்டு கலண்டரைப் பாத்துக்கொண்டிருக்கிறா.

ஒரு உதவி. ஊரிலை இருந்து வாற ஆரிட்டையாவது பழைய நுளம்பு வலை ரெண்டு முழம் குடுத்துவிடு. இஞ்சத்தை வலை கைக்குள்ளை நிக்குதில்லையாம், ஊர்வலைதான் பதமாம். றோஸ் நிறம் கிடைச்சால் நல்லது. கனடாவிலை அவ்வளவு நுளம்போ எண்டு ஆரும் கேட்டால், ஓம் எண்டு சொல்லு.

அன்புடன்,
அத்தான்