தேங்காயெண்ணெய்ப் போத்தல் அளவை: ஓய்வூதியரின் கடலோரக் குடிபெயர்வு குறித்து ஜிந்துப்பிட்டியிலிருந்து ஓர் ஆய்வு

ஓய்வு பெற்றவர்கள் குளிர்ப் பிரதேசத்தை விட்டு வெயில் தேடிக் கடலோரம் போவது உலக வழக்கம். இங்கிலாந்துக்காரர் ஸ்பெயினுக்குப் போகிறார். நியூயோர்க்காரர் புளோரிடாவுக்குப் போகிறார். லண்டனிலும் டொரொன்டோவிலும் உழைத்துக் களைத்த நம்மவர் வெள்ளவத்தையில் கடல் தெரிகிற ஃபிளாட் வாங்குகிறார். இவர்களைப் பற்றியெல்லாம் போதிய அளவு எழுதியாகிவிட்டது. நுவரெலியாவிலிருந்து கொழும்பு ஜிந்துப்பிட்டிக்கு இறங்கி வந்த என் சித்தப்பாவைத்தான் எந்தப் பல்கலைக்கழகமும் கண்டுகொள்ளவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை. மாதிரி அளவு: ஒன்று. நிதியுதவி: சித்தி அவ்வப்போது தந்த பிளேன்டி.

முதலில் முன்னோர் கருத்து. தொல்காப்பியர் வழிவந்த இலக்கணப்படி, மலை குறிஞ்சி, கடலோரம் நெய்தல். குறிஞ்சிக்குரிய பொழுது கூதிரும் முன்பனியும், உரிப்பொருள் புணர்தல். நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, உரிப்பொருள் இரங்கல். அறுபது வயதில் புணர்தலை விட்டு இரங்கலுக்கு ஒருவர் ஏன் வருகிறார் என்பதற்கு உரைகாரர் எவரும் விளக்கம் எழுதவில்லை. எற்பாடு என்றால் சூரியன் எழும் நேரமா, விழும் நேரமா என்று அவர்களுக்குள் வழக்கு மட்டும் உண்டு. எங்கள் மூன்றாம் மாடியில் ஒரு வாரம் தங்கியிருந்தால் அந்த வழக்கே எழுந்திராது. அங்கே இரண்டு நேரத்துக்கும் வியர்வையில் பேதமில்லை.

முருகன் குறிஞ்சிக் கடவுள்தானே, அவரே திருச்செந்தூர்க் கடற்கரைக்கும் எங்கள் ஜிந்துப்பிட்டிச் சிவசுப்பிரமணிய சுவாமி கோயிலுக்கும் வரவில்லையா என்று சிலர் கேட்கலாம். வந்தார். வந்த இடத்தில் அவருக்கு நாள் தவறாமல் பாலும் பன்னீரும் அபிஷேகம், சந்தனக் காப்பு. அந்த ஏற்பாடு இருந்தால் யாரும் நெய்தலில் குடியிருக்கலாம்.

வெள்ளைக்காரத் துரைமாரின் அனுபவமும் உதவவில்லை. அவர்கள் போனது எதிர்த்திசையில். ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு வெக்கை தாங்காமல் நுவரெலியாவில் வீடு கட்டினார்; அதுதான் இன்றைய கிராண்ட் ஹோட்டல். சாமுவேல் பேக்கர் 1848இல் அங்கே பண்ணையே போட்டார். ஓய்வு பெற்ற துரை கொழும்புக்கு இறங்கி வந்தது உண்மைதான். ஆனால் கப்பல் ஏறுவதற்கு.

இனிக் கணக்கு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஆயிரம் மீற்றர் ஏறினால் சுமார் 6.5 பாகை செல்சியஸ் குறையும் என்பது வளிமண்டலவியலின் பொதுக் கணக்கு. அதன்படி நுவரெலியாவிலிருந்து கீழே வருபவருக்கு 12 பாகை கூடும். கொழும்பின் ஆண்டுச் சராசரி 27, 28. நுவரெலியாவின் சராசரி 15, 16. கணக்கு அச்சொட்டாகச் சரி. இதைத்தான் சித்தப்பா ஒரு கொப்பியில் எழுதிக் கோடு போட்டு வைத்திருந்தார், கணித வாத்தியார். “பன்னெண்டு டிகிரிடா தம்பி. மூட்டு வலிக்கு இதவிட மருந்து இருக்கா?” என்றார்.

மழையையும் விடவில்லை. நுவரெலியாவில் வருடத்துக்கு ஏறக்குறைய 1,900 மில்லிமீற்றர். கொழும்பில் ஏறக்குறைய 2,400. மழைக்குப் பயந்து மலையை விட்டு வருகிறவர் கூடுதல் மழைக்குத்தான் வருகிறார். ஆனால் மலையில் அது நாள் முழுக்கச் சிணுங்கும்; இங்கே ஒரேயடியாகக் கொட்டி ஆமர் வீதியை ஆறாக்கிவிட்டுப் போய்விடும். இதை அவர் கொழும்புக்குச் சாதகமாகக் குறித்திருந்தார்.

புள்ளிவிவரத்தில் பிழையில்லை. பிழை வெப்பமானி இருக்கிற இடத்தில். கொழும்பின் வெப்பநிலையை வளிமண்டலவியல் திணைக்களம் பௌத்தாலோக மாவத்தையில், கறுவாத்தோட்டத்துப் பக்கம், மரங்களும் புல்தரையும் உள்ள இடத்தில் அளக்கிறது. கருவி வெள்ளையடித்த மரப்பெட்டிக்குள் நிழலில், காற்றோட்டமாக உட்கார்ந்திருக்கும். ஜிந்துப்பிட்டியில் அவ்வளவு வசதியாக யாரும் உட்காருவதில்லை. இங்கே பகல் முழுக்க வெயிலைக் குடித்த கொங்கிரீட் தட்டு, இரவு பத்து மணிக்குப் பிறகுதான் அதை நிதானமாகக் கட்டிலின்மேல் இறக்கத் தொடங்கும்.

கடல்காற்று என்னாயிற்று என்பது அடுத்த கேள்வி. எங்களுக்குப் பக்கத்தில் இருப்பது செட்டியார் தெரு. அதன் ஆங்கிலப் பெயர் சீ ஸ்ட்ரீட், கடல் தெரு. இன்று அங்கே கடல் இல்லை; நகைக்கடைகள்தான். 1875இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய அலைதடுப்புச் சுவரிலிருந்து துறைமுகம் வளர்ந்து வளர்ந்து, கடலுக்கும் நமக்கும் நடுவில் பாரந்தூக்கிகளும் கொள்கலன்களும் நிற்கின்றன. காற்று வருகிறது, இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் முடுக்குக்குள் திரும்பத் தெரியாமல் நேரே போய்விடுகிறது. வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் ஓரமாக இருப்பவர்களுக்கு அது வீட்டுக்குள்ளேயே வரும். ஃபிரிட்ஜையும் ஜன்னல் கம்பியையும் துருப்பிடிக்க வைத்துவிட்டுத்தான் போகும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். வாடகை, தெரிவைச் சுலபமாக்கிவிடுகிறது.

இப்போது இவ்வாய்வின் மையக் கருவிக்கு வருவோம். அது ஒரு தேங்காயெண்ணெய்ப் போத்தல். தேங்காயெண்ணெய் 24 பாகை அளவில் உருகும். அதற்குக் கீழே மெல்ல உறையும். நுவரெலியாவில் சித்தி எண்ணெயை ஊற்றி நான் பார்த்ததில்லை. அகல வாய்ப் போத்தலில் கரண்டிக் காம்பை விட்டுச் சுரண்டி எடுப்பார், அல்லது அடுப்புத் திண்ணையில் வைத்து இளக்குவார். தலைக்கு வைப்பதென்றால் உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டே ஒரு தேவாரம் பாடி முடிக்கலாம். எண்ணெய் ஊற்றுகிற பதத்தில் இருக்கும் ஊரில்தான் இனிக் கடைசிக் காலம் என்று சித்தப்பா தீர்மானித்ததில் நியாயம் இருந்தது.

கள ஆய்வுக்காக அவர் ஜனவரியில், தைப்பொங்கலுக்கு வந்தார். இங்கேதான் ஆய்வு முறையியல் தவறியது. ஜனவரியில் வடகீழ்ப் பருவக்காற்று தீவைக் கடந்து, ஈரம் குறைந்து கொழும்புக்கு வரும். விடியற்காலையில் 22 பாகை வரைக்கும் இறங்கும். ஐந்து மணிக்கு எழுந்தவர் எங்கள் குசினிக்குப் போய் எண்ணெய்ப் போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் வெள்ளையாக ஒரு விரற்கடை மண்டி. “இங்கயும் உறையுதே! அப்ப கூதலும் இருக்கு, சூடும் இருக்கு” என்று அப்போதே தன் மகளின் வீட்டுக்கு மேலே ஒரு மாடியைப் பேசி முடித்தார். நான் அருகில்தான் நின்றேன். ஜனவரி வேறு, ஏப்ரல் வேறு என்று சொல்ல வாயெடுத்தேன். பொங்கல் நேரத்தில் பெரியவர்களை மறுத்துப் பேச வேண்டாமே என்று விட்டுவிட்டேன். இந்தக் கட்டுரையில் எனக்குள்ள குற்ற உணர்ச்சி அவ்வளவுதான்.

மார்ச் கடைசியில் சாமான் லொறி வந்தது. கட்டில், புத்தகம், நான்கு கம்பளி, ஆறு சுவெட்டர், கரண்டிக் காம்பு நுழைகிற அகல வாய்ப் போத்தல்.

ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் தெற்கிலிருந்து வடக்கே போகிற வழியில் கொழும்பின் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். பருவக்காற்றுகள் இரண்டுக்கும் இடைப்பட்ட காலம், ஓலை அசையாது. கொழும்பில் வசதியுள்ளவர்கள் எல்லோரும் வசந்தகாலக் கொண்டாட்டம், பூக்கண்காட்சி என்று நுவரெலியாவுக்கு ஏறுகிற மாதம் அது. எதிர்ப்பக்கமாக இறங்கி வந்தவர், நான் அறிய, எங்கள் சித்தப்பா ஒருவர்தான்.

முதல் இரவு மின்விசிறியைப் போட்டுப் பார்த்தார். அது சூட்டை எடுத்துச் சமமாகப் பங்கிட்டது. இரண்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டு, “தம்பி, கூதல்னா போத்திக்கலாம். இதுக்கு எதக் கழட்டுறது?” என்று கேட்டார். தட்பவெப்பவியலில் இதைவிடச் செறிவான ஒரு வினாவை நான் கேட்டதில்லை. வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றிலே ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வைக்குப் போக்கிடமில்லை. 30 பாகை என்று கொப்பியில் எழுதலாம். அந்த ஈரத்தைத் தோல்தான் படிக்கும்.

ஈரத்தை அளக்க இன்னொரு கருவி பப்படம். எங்கள் வீட்டில் மே மாதத்தில் பொரித்த பப்படம், சாம்பாரிலிருந்து ரசத்துக்கு வருவதற்குள் துவண்டுவிடும். ஜனவரியில் மோர் வரைக்கும் தாங்கும். உப்புப் போத்தலும் ஒரு கருவிதான்; அதில் கரண்டி நிமிர்ந்து நின்றால் மழை பக்கத்தில். எல்லாவற்றையும்விடச் சித்தப்பாவை உலுக்கியது சுவெட்டர். முப்பது வருடம் மலைப்பனியில் ஒன்றும் ஆகாத சுவெட்டர்கள், அலுமாரிக்குள் இரண்டு மாதத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தன.

நேர்மையான ஆய்வில் எதிர்ச்சான்றையும் சொல்லவேண்டும். மூட்டு வலி குறைந்தது; அதை அவரே ஒப்புக்கொள்கிறார். வலி குறைந்த மூட்டுகளை மூன்று மாடிப் படி திரும்பவும் உழைக்க வைப்பது வேறு விஷயம். மாலையில் பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குப் போய், சேர் பொன்னம்பலம் இராமநாதன் எழுப்பிய கருங்கல் மண்டபத்தில் தூணுக்குச் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறார். அந்தக் கல்லில் நுவரெலியாவின் ஏதோ ஒரு மூலை இருக்கிறதாம். பக்தி என்று ஊரார் சொல்கிறார்கள். இவ்வாய்வாளர் அக்கருத்தில் தலையிடவில்லை.

தொல்காப்பியர் திணைகள் ஒன்றோடொன்று மயங்கலாம் என்று இடம் விட்டுத்தான் போயிருக்கிறார். அந்த விதியைப் பயன்படுத்தி, இப்போது ஒவ்வொரு மார்ச் முடிவிலும் சித்தப்பா கோட்டையிலிருந்து ரயில் ஏறி நானுஓயாவில் இறங்கி, மூத்த மகன் வீட்டுக்குப் போய்விடுகிறார். ஜூனில் அங்கே ஊதற்காற்று தொடங்கியதும் திரும்பி வருகிறார். கம்பளி நான்கும் அங்கே. போத்தல் மட்டும் இங்கே.

ஓய்வுக் காலத்துக்குக் கடலோரம் வர நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு வந்து வீடு பார்க்காதீர்கள். ஏப்ரல் 7ஆம் திகதியை ஒட்டி வாருங்கள். பகல் 12.12 அளவில் ஜிந்துப்பிட்டி வீதியில் நில்லுங்கள். உங்கள் நிழல் உங்கள் செருப்புக்குக் கீழேயே கிடக்கும். அன்றிரவு வாடகைக்குப் பேசுகிற அதே அறையில், அதே மாடியில் படுத்துப் பாருங்கள். எண்ணெய்ப் போத்தல் கொண்டுவர வேண்டாம். எங்கள் வீட்டில் ஒன்று இருக்கிறது.