கெஞ்சினாலும் திறக்காது

கேள்வி: திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரியில் படிக்கிறேன். என்.பி.டி.இ.எல். ஆன்லைன் படிப்புக்கு எப்படித் தயாராவது?
– ஒரு மாணவி, ஸ்ரீகாரியம்

பதில்: முதலில் வாட்ஸ்அப்புக்கு விடுமுறை கொடுங்கள்! ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் 2003-ல் தொடங்கிய திட்டம் என்.பி.டி.இ.எல். சேரக் கட்டணமில்லை, சான்றிதழ் வேண்டுமென்றால்தான் பணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய்த் தேர்வெழுத வேண்டும். வாராந்திரப் பயிற்சிக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. முன்னதில் 10, பின்னதில் 30 எடுத்தால்தான் தேர்ச்சி. பயிற்சியை அனுப்பும் கெடு முடிந்தால், கெஞ்சினாலும் தளம் திறக்காது. இடவப்பாதிப் பருவமழையில் கரன்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? பயிற்சியைக் கடைசி இரவுக்குத் தள்ளாதீர்கள். வீடியோவை இரட்டை வேகத்தில் ஓட்டாதீர்கள். நிறுத்தி, கணக்கை நோட்டில் நீங்களே போட்டுப் பாருங்கள். விடை வந்த பிறகு அடுத்த பாடத்துக்குப் போங்கள். வகுப்பு எங்கு நடந்தாலும், படிக்க வேண்டியது நீங்கள்தான்!