கைத்தடிக்காரர்

இங்கிலாந்து, வேல்ஸ் நீதிமன்றங்களில் உடற்காய இழப்பீடு கோருவோருள் கைத்தடிக்காரர் என்றொரு வகையினர் உண்டு. விபத்து நடந்தது உண்மை, அடிபட்டதும் உண்மை. ஆனால் காயம் ஆறத் தொடங்கிய பிறகுதான் அவருடைய நோய் முற்றத் தொடங்குகிறது.

அவருடைய கைத்தடி தனி ஆய்வுக்குரியது. மருத்துவ நிபுணரின் வாயிற்படியில் நடுக்கத்தோடு ஊன்றப்படும் அத்தடி, பரிசோதனை முடிந்து தெருமுனை திரும்பியதும் கக்கத்துக்கு ஏறி, காரை அடைந்ததும் பின்னிருக்கையில் சாய்ந்து, அடுத்த பரிசோதனை நாள்வரை அங்கேயே ஓய்வெடுக்கிறது. பழுதான காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் தடியைப் பிடிப்பதே முறை என்பதை எலும்பியல் மருத்துவர் அனைவரும் அறிவர். கைத்தடிக்காரரோ ஒரு மருத்துவர்முன் வலக்கையிலும் மற்றவர்முன் இடக்கையிலும் பிடித்து, வலியே இடம் மாறிவிட்டதோ என்று அறிக்கை எழுதுவோரைத் திகைக்க வைப்பார். சில வேளைகளில் தடியை மருத்துவமனையிலேயே மறந்துவிட்டு, அதை எடுத்துச் செல்ல ஓடியும் வருவார். தெருவில் நிற்கும் வேனுக்குள், காப்பீட்டு நிறுவனம் அமர்த்திய ஒளிப்பதிவாளர் ஒருவர் இவற்றையெல்லாம் பொறுமையாகப் பதிவு செய்துகொண்டிருப்பார் என்பது மட்டும் அவருக்குத் தோன்றுவதில்லை.

உண்மை உறுதிமொழி என்பது, ஆவணத்தில் கூறியவை உண்மையெனத் தாம் நம்புவதாக ஒருவர் கையொப்பமிடும் வாசகம். அந்த நம்பிக்கையின்றிப் பொய் கூறினால் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கை வரலாம் என்ற எச்சரிக்கையும் 2020 முதல் அதிலேயே இடம்பெறுகிறது. கைத்தடிக்காரர் அதைப் படிப்பதில்லை. கையொப்பமிடும் கைக்கு மட்டும் எந்த விபத்திலும் சேதம் நேர்வதுமில்லை.

அவமதிப்பு என்பது நீதிபதியை ஏசுவது மட்டுமன்று. நீதி வழங்கலில் பொய்யால் குறுக்கிடுவதும் அவமதிப்பே. ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டால், 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி உயர் நீதிமன்றம் 2 ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கலாம். 8 லட்சம் பவுண்டுக்கு மேல் கேட்ட ஒருவரின் புளுகைக் கண்காணிப்புப் படம் அம்பலப்படுத்திய வழக்கில்கூட, அவருக்கு ஏறத்தாழ 88 ஆயிரம் பவுண்டு வழங்கிய தீர்ப்பை 2012இல் உச்ச நீதிமன்றம் மாற்றவில்லை. அவமதிப்பு நடவடிக்கை போன்ற வேறு வழிகள் உள்ளன என்றது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வளவு தாராளமானதன்று. கோரிக்கையின் அடிப்படையிலேயே நேர்மையின்மை இருப்பின், பெரும் அநீதி நேரும் நிலை தவிர, மெய்யான காயத்துக்கு உரிய தொகையும் சேர்த்தே தள்ளுபடியாகும். பேராசையால் கைத்தடிக்காரர் இழப்பது, உண்மையிலேயே முறிந்த எலும்புக்கு வந்திருக்க வேண்டிய பணத்தையும்தான்.

அதுவரை அவர்மீது சிறிது இரக்கம்கூடப் பிறக்கலாம். ஆனால் முதுகுவலி எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை. வலி சற்றுத் தணிந்த நாளில் ஒரு பை காய்கறி தூக்கிவிட்ட உண்மையான நோயாளி, அந்த ஒரு பைக்காகக் குறுக்கு விசாரணைக் கூண்டில் நின்று தாம் பொய்யரல்லர் என்று மெய்ப்பிக்க வேண்டியிருப்பது கைத்தடிக்காரர் செய்த கைங்கரியம்.